ரியாக்‌ஷனை அடைத்தால் லாக்டேட் வருகிறது, ஜீனை நீக்கினால் ஒன்றும் அசையவில்லை. எங்கே தப்பு?

பாளை_மாணவி | வியாழன், இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்எஸ்சி கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு லேபில் இடம் கிடைக்கவில்லை, கம்ப்யூட்டரிலேயே ஏதாவது செய்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள், எனக்கோ பைத்தானே போன ஆடி மாதம்தான் அறிமுகம். எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: ஈ. கோலை பாக்டீரியாவில் எந்த ஜீன்களை நீக்கினால் அது லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) வெளியே தள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கோப்ராபை (செல்லுக்குள் ஓடும் வினைகளைக் கணக்குப் போடும் பைத்தான் தொகுப்பு) நிறுவி, 95 வினை, 72 சேர்மம், 137 ஜீன் உள்ள சின்ன ஈ. கோலை மாடலை எடுத்தேன். குளுக்கோஸ் நுழைவு ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல். ஆக்சிஜன் இருந்தால் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 வந்தது. ஆக்சிஜனை மூடினால் 0.212, கூடவே அதே மில்லிமோல் கணக்கில் ஃபார்மேட் 17.8, அசிட்டேட் 8.5, எத்தனால் 8.28 வெளியே போகிறது. இதுவரை பாடத்தில் படித்த மாதிரியே இருந்தது, சந்தோஷம்.

பிறகு ஆக்சிஜன் இல்லாத நிலையிலேயே அசிட்டேட் பக்கம் போகும் பாஸ்போட்ரான்ஸ்அசிட்டைலேஸ் வினையையும், எத்தனால் பக்கம் போகும் அசிட்டால்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் வினையையும் பூஜ்யமாக்கினேன். வளர்ச்சி குறைந்தது, லாக்டேட் கொட்டியது. ஆகா முடிந்தது என்று நினைத்தேன். கைடு பார்த்துவிட்டு, "லேபில் போய் வினையையா வெட்டுவாய்? ஜீனைத்தானே வெட்ட முடியும், ஜீன் வைத்துச் செய்" என்றார். நியாயம்தான். அந்த இரண்டு வினைகளுக்கான பிடிஏ, ஏடிஎச்இ ஜீன்களை மாடலில் நீக்கிவிட்டு ஓட்டினால் மறுபடியும் 0.212, அதே அசிட்டேட், அதே எத்தனால், லாக்டேட் பூஜ்யம். ஒரு தசமம்கூட மாறவில்லை. மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை ரிவ்யூ இருக்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மடைக்காரன் | வியாழன், இரவு 10:20

தங்கச்சி, கோட் சரியாகத்தான் ஓடுகிறது. அந்த வினைகளின் மேல் எழுதியிருக்கும் ஜீன் விதியைத் திறந்து பார்த்தாயா? வினையின் பெயரைச் சொல்லி அதன் விதியை அச்சிடச் சொல், தெரியும்.

அசிட்டேட் பக்கத்து வினைக்கு "பிடிஏ அல்லது இயுடிடி" என்று எழுதியிருக்கும். அந்த "அல்லது" தான் உன் மூன்று நாளைத் தின்றது. இரண்டு ஜீனில் எது இருந்தாலும் வினை நடக்கும் என்று மாடல் எடுத்துக்கொள்கிறது. எத்தனால் பக்கமும் அப்படியே, "எம்எச்பிஎஃப் அல்லது ஏடிஎச்இ".

எங்கள் பக்கம் கன்னடியன் கால்வாயில் ஒரு வயலுக்கு இரண்டு மடை இருக்கும். ஒன்றை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம், காலையில் வந்து பார்த்தால் வயல் நிறையத் தண்ணீர் நிற்கும், பக்கத்து வயல்காரர் வைவார். இரண்டையும் அடைத்தால்தான் அடைத்த மாதிரி.

"மற்றும்" என்று எழுதிய விதியும் உண்டு. ஏடிபி சின்தேஸ் (செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்வது) மாதிரிப் பல துண்டு சேர்ந்து ஒரு நொதியாக நிற்பவை. அங்கே ஒரு துண்டின் ஜீனை எடுத்தாலே கதை முடிந்தது. நீ எடுத்த இரண்டுமே "அல்லது" ரகம், அவ்வளவுதான்.

டவுன்_வாசல் | வியாழன், இரவு 10:31

லாக்டேட்டுக்கு எதற்கு வே இத்தனை பாடு? ஒரு சட்டி தயிர் உறை ஊற்றினால் விடிவதற்குள் வந்துவிடுமே.

மடைக்காரன் | வியாழன், இரவு 10:36

வரும் அண்ணாச்சி. ஆனால் லாக்டிக் அமிலத்தில் இடக்கை, வலக்கை மாதிரி எல், டி என்று இரண்டு வடிவம். தயிர் வகைப் பாக்டீரியாக்கள் இனத்துக்கு இனம் மாறும், சிலது எல், சிலது டி, சிலது இரண்டையும் கலந்து தரும். ஈ. கோலை தன் சொந்த எல்டிஎச்ஏ நொதியால் டி வடிவத்தை மட்டும் தரும். லாக்டிக் அமிலத்திலிருந்து பிளாஸ்டிக் செய்கிறவர்களுக்கு அந்தச் சுத்தம் முக்கியம். தயிர் சாதத்துக்கு முக்கியம் இல்லை.

பாளை_மாணவி | வியாழன், இரவு 11:14

அண்ணாச்சி கோடி நன்றி!! பிடிஏ, இயுடிடி, ஏடிஎச்இ, எம்எச்பிஎஃப் நாலையும் நீக்கி ஓட்டினேன். லாக்டேட் வந்துவிட்டது, ரியாக்‌ஷனை அடைத்தபோது வந்த அதே எண்.

ஒரு சந்தேகம். எத்தனால் பாதையில் கடைசிப் படி ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ், அதற்கு விதியில் மூன்று ஜீன் இருக்கிறது. ஏடிஎச்இ போனாலும் ஏடிஎச்பி, எஃப்ஆர்எம்ஏ இரண்டும் இருக்கின்றன. அவற்றையும் எடுக்க வேண்டாமா?

மடைக்காரன் | வியாழன், இரவு 11:20

வேண்டாம். மேல்மடையில் தண்ணீரே வராதபோது கீழ்மடை திறந்து கிடந்தால் என்ன. அசிட்டால்டிஹைடு உண்டானால்தானே அது எத்தனால் ஆகும். ஒரு வெட்டு மிச்சம் என்றால் மிச்சம்தான்.

கல்லிடை_அக்கா | வெள்ளி, காலை 6:05

நான் லேப் ஆள், கையில் பிப்பெட் பிடித்துத்தான் பழக்கம், அதனால் ஒரு மாற்றுக் கருத்து. நாலு வெட்டு என்று ரிவ்யூவில் போய் எழுதிவைக்காதே மாணவி. லேபில் செய்கிறவள் படித்தால் சிரிப்பாள்.

இயுடிடி எதற்கு இருக்கிற ஜீன்? எத்தனாலமைன் என்ற பொருளைத் தின்பதற்கான கூட்டத்தில் ஒன்று. எத்தனாலமைனும் பி12 வைட்டமினும் சேர்ந்து இருந்தால்தான் அந்தக் கூட்டமே எழுந்திருக்கும். எம்எச்பிஎஃப் ஃபீனைல்புரோப்பியானேட் மாதிரியான வளையப் பொருள்களை உடைக்கிற கூட்டத்தில் இருப்பது. நீ கொடுப்பது குளுக்கோஸும் உப்பும். அந்த இரண்டு ஜீனும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மாடலுக்கு ஜீன் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரியும், விழித்திருக்கிறதா என்று தெரியாது.

2005இல் இதே லாக்டேட்டுக்காக, இதே மாதிரிக் கணக்கு முறையில் வந்த திட்டங்களை நிஜ ஈ. கோலையில் செய்து பார்த்தார்கள், ஃபாங் முதல் ஆசிரியராக வந்த கட்டுரை. அதில் ஒரு திட்டம் பிடிஏ, ஏடிஎச்இ இரண்டே வெட்டு. இயுடிடி, எம்எச்பிஎஃப் பக்கமே போகவில்லை. லாக்டேட் வந்தது.

மடைக்காரன் | வெள்ளி, காலை 7:40

அக்கா, ஒத்துக்கொள்கிறேன், பாதி. தூங்குகிற ஜீன் என்றைக்கும் தூங்கும் என்று என்ன உத்தரவாதம்? அந்த 2005 வேலையிலேயே வெட்டிய பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கினார்கள். இப்படி நெருக்கிப் பிடிக்கும்போது மூடிக் கிடந்த பழைய மடையை எங்காவது ஒரு செல் திறந்துகொண்டால் அது மற்றதைவிட வேகமாக வளரும், நாலு நாளில் குடுவை முழுக்க அதன் பிள்ளைகள்தான். நாலு வெட்டு என்றால் அந்த வாசலே கிடையாது.

கல்லிடை_அக்கா | வெள்ளி, காலை 8:02

வாசல் இருக்கட்டும் தம்பி, நாலு வெட்டுக்கு ஆகிற காலம்? இதைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஒரு ஜீனை எடுக்க வேண்டும் என்றால் இப்போதும் பெரும்பாலும் 2000இல் டட்சென்கோ, வான்னர் சொன்ன வழிதான். ஜீனின் இரண்டு ஓரங்களோடு பொருந்துகிற வால் வைத்து கேனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்புத் தரும் துண்டு ஒன்றை பிசிஆரில் பெருக்குவோம். லாம்ப்டா வைரஸின் நொதிகள் உள்ளே இருக்கும் செல்லில் அதை மின்னதிர்ச்சி கொடுத்து ஏற்றுவோம். ஜீன் போய் அந்த இடத்தில் கேனமைசின் துண்டு உட்காரும். கேனமைசின் தட்டில் பிழைத்தவை நம் ஆள். அடுத்த வெட்டுக்கும் அதே கேனமைசினைப் பயன்படுத்த வேண்டும் என்றால் முதல் துண்டை வேறொரு நொதி வைத்து வெளியே எடுக்க வேண்டும், எடுத்தோமா என்று பிசிஆர் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எனக்கு ஒரு வெட்டுக்கு ஒரு வாரம். ஒழுங்காக நடந்ததே கிடையாது. ஒருமுறை கரண்ட் போய் ஃப்ரிட்ஜில் இருந்த மின்னேற்றச் செல்கள் அத்தனையும் வீணாகி, ஒரு மாத வேலை ஒரு மத்தியானத்தில் போனது.

ஜப்பானில் கெய்யோ தொகுப்பு என்று 2006இல் வந்தது, 3985 ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கிய பாக்டீரியா வரிசை. தனி வெட்டு அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது நம் பாடு. எனவே, தேவையில்லாத ஒவ்வொரு "அல்லது" வெட்டும் யாரோ ஒருவருடைய ஒரு வாரம்.

மடைக்காரன் | வெள்ளி, காலை 8:09

இதற்கு மேல் நான் பேசவில்லை அக்கா 🙏 இரண்டையும் எழுதட்டும். "விதிப்படி நாலு, நிலைமையைப் பார்த்தால் இரண்டு" என்று.

கருப்பட்டி_காபி | வெள்ளி, காலை 9:30

நான் உயிரியல் ஆள் இல்லை, சும்மா வாசிக்கிறவன், உடன்குடிப் பக்கம். குளுக்கோஸுக்குப் பதில் பதநீரை ஊற்றினால் செலவு குறையுமே? சீசனில் எங்கள் ஊரில் வாங்க ஆளில்லாமல் கிடக்கும்.

கல்லிடை_அக்கா | வெள்ளி, காலை 9:41

நல்ல கேள்வி அண்ணாச்சி, ஆனால் மாட்டிக்கொள்வோம். பதநீரின் இனிப்பு பெரும்பகுதி சுக்ரோஸ். லேபில் எல்லோரும் வளர்க்கிற கே-12 வகை ஈ. கோலைக்குச் சுக்ரோஸ் தின்னத் தெரியாது, அதற்கான ஜீன்களே அதனிடம் இல்லை. டபிள்யூ என்று இன்னொரு வகை இருக்கிறது, அது சுக்ரோஸைத் தின்னும். மாணவி வைத்திருக்கிற மாடல் கே-12. அதில் வெளியிலிருந்து பொருள் வருவதற்கும் போவதற்கும் 20 வாசல் இருக்கிறது, சுக்ரோஸுக்கு வாசல் கிடையாது. கம்ப்யூட்டரில்கூடப் பதநீர் ஊற்ற முடியாது.

கருப்பட்டி_காபி | வெள்ளி, காலை 9:44

அப்போ நானே குடித்துக்கொள்கிறேன்.

நதியுண்ணி | வெள்ளி, மதியம் 1:15

இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்குக் கணிதம் தொழில், பாக்டீரியாவை நேரில் பார்த்ததில்லை. ஜீன் விதிச் சண்டை முடிந்தது சரி, ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றை யாரும் தொடவில்லை.

மாணவி, லாக்டேட் "வந்துவிட்டது" என்கிறீர்கள். வந்தது ஒரு விடை. சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்) கொடுத்த ஒரே ஒரு விடை. வளர்ச்சியை உச்சத்தில் வைத்துக்கொண்டே லாக்டேட் இல்லாமலும் இருக்க முடியுமா என்று பார்த்தீர்களா?

விளக்குகிறேன். இந்த மாடல் எல்லாம் செல் தன் வளர்ச்சியைக் கூடுமானவரை கூட்டிக்கொள்ளும் என்ற ஊகத்தில் நிற்பவை. நாம் மதகை அடைக்கலாம், திறக்கலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பள்ளம்தான் முடிவு செய்யும், நாம் இல்லை. செல்லுக்குப் பள்ளம் வளர்ச்சி. அதனால் இது இரண்டடுக்குக் கணக்கு. வெளியே நாம் எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கிறோம், உள்ளே அந்த வெட்டுக்கு ஏற்றபடி செல் தன் லாபத்தைப் பார்க்கிறது. 2003இல் பர்கார்ட், பார்க்யா, மராணாஸ் மூவரும் ஆப்ட்நாக் என்று போட்டது இதைத்தான். உள் கணக்கை அதன் இருமக் கணக்கோடு (டூயல், அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து எழுதிய ஜோடி) சேர்த்துக் கட்டி, இரண்டடுக்கை ஒரே முழு எண் நிரலாக்கமாக (சில விடைகள் முழு எண்ணாகவே வர வேண்டிய உச்சம் தேடும் கணக்கு) மாற்றினார்கள். அழகான வேலை, நான் மாணவர்களுக்கு இருமத்தை நடத்தும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

ஆனால் அதில் ஒரு நல்ல மனசு ஒளிந்திருக்கிறது. உள்ளே வளர்ச்சி உச்சத்தில் இரண்டு பாதையும் சமப் பள்ளமாக இருந்தால், ஒன்று லாக்டேட் தரும், இன்னொன்று தராது என்றால், ஆப்ட்நாக் நமக்குச் சாதகமான பாதையைச் செல் எடுக்கும் என்று வைத்துக்கொள்கிறது. செல் ஏன் எடுக்க வேண்டும்? அதற்கு நம் ப்ராஜெக்ட் மார்க்கைப் பற்றி என்ன கவலை? 2010இல் டெப்பர், ஷ்லோமி இருவரும் ரோபஸ்ட்நாக் என்று இதைத் திருப்பினார்கள். மிக மோசமான விடையிலும் பொருள் எவ்வளவு வரும் என்று பார்த்து, அந்தக் குறைந்தபட்சத்தைக் கூட்டுவது.

எனவே உங்கள் வேலை: வளர்ச்சியை அதன் உச்சத்தில் பூட்டிவிட்டு, லாக்டேட்டைக் குறைக்கச் சொல்லி ஒருமுறை, கூட்டச் சொல்லி ஒருமுறை ஓட்டுங்கள். குறைந்தபட்சம் பூஜ்யம் வந்தால் திட்டம் செல்லாது, அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வரும் திட்டங்களை நான் வாசிப்பதே இல்லை.

பாளை_மாணவி | வெள்ளி, மாலை 4:50

சார், ஓட்டினேன். ஆக்சிஜன் இல்லாமல்: குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒன்றாகவே வருகிறது! பூஜ்யம் இல்லை!

பிறகு ஏதோ தோன்றி ஆக்சிஜனைத் திறந்துவிட்டு அதே நாலு வெட்டோடு ஓட்டினேன். வளர்ச்சி 0.874, லாக்டேட் பூஜ்யம். அப்படியே பழைய ஈ. கோலை. இது சரிதானா, இல்லை மறுபடி ஏதாவது தப்பு செய்கிறேனா?

நதியுண்ணி | வெள்ளி, மாலை 5:12

சரி. ஆக்சிஜன் இருக்கும்போது செல் அசிட்டேட்டும் எத்தனாலும் வெளியே விடவே இல்லையே, எல்லாவற்றையும் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிட்டது. பயன்படுத்தாத மடையை அடைத்தால் யாருக்கு நட்டம்.

கல்லிடை_அக்கா | வெள்ளி, மாலை 5:30

இதை ரிவ்யூவில் முதல் படமாகப் போடு. ஆக்சிஜன் இல்லாதபோது ஏன் லாக்டேட் கட்டாயம் ஆகிறது என்று கேட்பார்கள், அதற்கும் பதிலை வைத்துக்கொள். குளுக்கோஸை உடைக்கும்போது என்ஏடிஎச் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) சேரும். அதைத் திரும்ப என்ஏடியாக மாற்றாவிட்டால் உடைப்பு நின்றுவிடும். காற்று இருந்தால் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் எத்தனால் பாதை வாங்கிக்கொள்ளும், அதை நீ அடைத்துவிட்டாய். சக்சினேட் பாதை ஒன்று உண்டு, அதில் ஏடிபி கணக்கு லாக்டேட் அளவுக்குக் கட்டாது. மிச்சம் இருப்பதில் லாபமானது பைருவேட்டை (குளுக்கோஸ் உடைந்து வரும் பொருள்) லாக்டேட்டாக்கி என்ஏடிஎச்சைக் கழிப்பது. செல் லாக்டேட்டை நமக்காகச் செய்யவில்லை, தன் கணக்கை நேர் செய்யச் செய்கிறது.

டவுன்_வாசல் | வெள்ளி, இரவு 8:40

எல்லாம் சரி. கேட்டால் கோபிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சொன்னபடி ஒரு பாக்டீரியாவாவது ஃபேக்டரி வரைக்கும் போயிருக்கிறதா? இல்லை, எல்லாம் கட்டுரையோடு சரியா?

மடைக்காரன் | வெள்ளி, இரவு 9:05

போயிருக்கிறது அண்ணாச்சி. 1,4-பியூட்டேன்டையால் என்று ஒரு ரசாயனம், ஸ்பான்டெக்ஸ் துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் போவது, அதுவரை பெட்ரோலிய வழியில்தான் செய்துகொண்டிருந்தார்கள். இயற்கையில் எந்த உயிரியும் செய்யாத பொருள். அமெரிக்காவில் ஜெனோமாட்டிகா கம்பெனி 2011இல் ஈ. கோலையில் லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் எடுத்ததாக வெளியிட்டார்கள். புதுப் பாதைக்கு வேற்று ஜீன்கள் ஏற்றினார்கள், ஆனால் எதை வெட்டுவது என்பதற்கு ஆப்ட்நாக் கணக்குத்தான் வழிகாட்டியது. ஏடிஎச்இ, பிஎஃப்எல்பி, எல்டிஎச்ஏ, எம்டிஎச் எல்லாம் காலி. எத்தனால், ஃபார்மேட், லாக்டேட், சக்சினேட் என்று மற்ற கழிவு வழிகளை அடைத்து, என்ஏடிஎச் கழிய வேண்டுமானால் இந்தப் பியூட்டேன்டையால் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்புறம் அது தொழிற்சாலை அளவுக்கும் போனது.

கல்லிடை_அக்கா | வெள்ளி, இரவு 9:33

அண்ணாச்சி கேட்டதற்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கும்பிட ஆரம்பித்துவிடும்.

என்இசட்என்111 என்று ஒரு ஈ. கோலை. பிஎஃப்எல்பியும் எல்டிஎச்ஏவும் இல்லாதது. காகிதத்தில் பார்த்தால் அருமை, ஃபார்மேட் வழி இல்லை, லாக்டேட் வழி இல்லை, எல்லாம் சக்சினேட்டுக்குப் போக வேண்டும். நிஜத்தில் ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸில் அது வளரவே இல்லை. என்ஏடிஎச் தேங்கிப்போய் ஸ்தம்பித்து நின்றது. கணக்கில் இருக்கிற சக்சினேட் பாதை செல்லில் அந்த வேகத்துக்குத் திறக்கவில்லை. கடைசியில் குளுக்கோஸை உள்ளே இழுக்கிற பிடிஎஸ்ஜி ஜீனில் தானாகவே ஒரு பிறழ்வு விழுந்தது. அந்தக் குழந்தைதான் வளர்ந்தது, சக்சினேட்டும் தந்தது. எந்தக் கணக்கும் அதைச் சொல்லவில்லை, பாக்டீரியாவே கண்டுபிடித்துக்கொண்டது.

இன்னொன்று. வெட்டிய அன்றே செல் புது உச்சத்துக்குப் போய்விடாது. கால்வாயை இன்றைக்கு அடைத்தால் தண்ணீர் நாளைக்கே புதுத் தடம் பிடிக்குமா, கொஞ்ச நாள் பழைய தடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு மோமா என்று ஒரு கணக்கு 2002லேயே வந்திருக்கிறது, செக்ரே, விட்குப், சர்ச் எழுதியது. வெட்டிய செல் பழைய ஓட்டத்திலிருந்து கூடுமானவரை குறைவாக விலகும் என்று வைத்துக்கொள்வது. அதையும் ஓட்டிப் பார் மாணவி. முதல் வாரம் குடுவையில் என்ன தெரியும் என்பதற்கு அதுதான் கிட்டத்தில் வரும், உச்ச வளர்ச்சிக் கணக்கு பழக்கி முடித்த பிறகு தெரிவதற்கு.

பாளை_மாணவி | வெள்ளி, இரவு 10:10

குறித்துக்கொண்டேன் அக்கா. கடைசியாக ஒரே ஒரு கேள்வி, எல்லோரையும் தொந்தரவு செய்கிறேன். நான் பிடிஏ, ஏடிஎச்இ என்று ஆரம்பித்ததே புத்தகத்தில் பார்த்து. எந்த ஜீன் என்று தெரியாத பொருளுக்கு எல்லாக் கூட்டணியையும் வரிசையாக வெட்டிப் பார்த்தால் போதாதா?

நதியுண்ணி | வெள்ளி, இரவு 10:48

உங்கள் 137 ஜீன் மாடலில் போதும். இரண்டிரண்டாக 9316 சோடி, மும்மூன்றாக 4,19,220. லேப்டாப்பே முடித்துவிடும். முழு மாடலுக்கு வாருங்கள், 2017இல் வந்த ஐஎம்எல்1515, பெயரிலேயே இருக்கிறது, 1515 ஜீன், 2719 வினை. மும்மூன்றாக எடுத்தால் 57 கோடியே 83 லட்சத்துச் சொச்சம். நொடிக்கு நூறு பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல். ஐந்தைந்தாக என்றால் 66 லட்சம் கோடி, அதே வேகத்தில் 20 ஆயிரம் ஆண்டைத் தாண்டும். அத்தனை ஆனித் தேரோட்டம் பார்க்க யார் இருக்கப் போகிறார்கள்.

அதனால்தான் ஆளுக்கொரு வழி. ஆப்ட்நாக் முழு எண் நிரலாக்கம். 2005இல் ஆப்ட்ஜீன் என்று மரபு வழித் தேடலை (ஜெனெடிக் அல்காரிதம், பரிணாமம் மாதிரி கலந்து மாற்றித் தேடுவது) வைத்தார்கள், உச்சம் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் சீக்கிரம் ஏதாவது தரும். கிளாம்ட் குழுவினர் வேறு திசையில் போனார்கள்: வேண்டாத ஓட்டங்கள் ஒன்றுகூட மிஞ்சாதபடி அறுக்கத் தேவையான மிகச் சிறிய வெட்டுக் கூட்டங்களைத் தேடுவது. 2017இல் வான் காம்ப்பும் கிளாம்ட்டும் அதை வைத்து ஐந்து உயிரிகளில் பார்த்து, கிட்டத்தட்ட எல்லா வளர்சிதைப்பொருளையும் வளர்ச்சியோடு கட்டிப்போட வழி இருக்கிறது என்று காட்டினார்கள். கணக்கில் வழி இருக்கிறது என்று. அக்கா அடிக்க வருவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் பிரச்சினைக்கு நேராக வருகிறவர் ஜப்பானில் தாமுரா. வினைகளை விட்டுவிட்டு, "மற்றும்", "அல்லது" விதிகளையே சமன்பாடாக உள்ளே எழுதி நேரடியாக ஜீன் நீக்கத்தைத் தேடுகிறார். ஜிடெல்_மின்ஆர்என் என்று பெயர், பயோட்டின், ரைபோஃபிளேவின் மாதிரி வைட்டமின்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார். ஜீன் எண்ணிக்கை பெரிதாகிவிடுகிறது என்பது அதன் குறை. அதைக் கத்தரிக்கத் தனியாக இன்னொரு முறையும் எழுதினார். முழு மாடலில் இதையெல்லாம் இலவச ஜிஎல்பிகே சால்வரில் ஓட்டாதீர்கள், விடிய விடிய சுற்றும். குரோபி, சிப்ளெக்ஸ் இரண்டுக்கும் படிக்கிறவர்களுக்கு இலவச உரிமம் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லிடை_அக்கா | வெள்ளி, இரவு 11:02

ஜீன் எண்ணிக்கை பெரிதாகிவிடுகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார் 😄 ஒரு வெட்டுக்கு ஒரு வாரம் சார், ஒரு வாரம்.

மடைக்காரன் | வெள்ளி, இரவு 11:06

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, யாராவது இதை வாசித்துவிட்டு வீட்டு மாடியில் செய்து பார்க்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஜீன் மாற்றிய பாக்டீரியாவுக்கு இங்கே 1989 விதிகள் இருக்கின்றன, நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் வேண்டும். கம்ப்யூட்டரில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பாளை_மாணவி | சனி, மதியம் 2:25

ரிவ்யூ முடிந்தது!!! ஆக்சிஜன் படத்தைத்தான் முதலில் போட்டேன் அக்கா. உள்ளே வந்த வெளி எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே, "ஜீன் நீக்கினாயா, ரியாக்‌ஷன் அடைத்தாயா?" அப்புறம் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டார், எண்ணைச் சொன்னேன், தலையை ஆட்டினார். நாலு வெட்டு, இரண்டு வெட்டு இரண்டையும் ஏன் எழுதியிருக்கிறாய் என்று கேட்டபோது, எத்தனாலமைன் இல்லாவிட்டால் இயுடிடி தூங்கும் என்று சொல்லிவிட்டேன். கைடு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆனால் மோமா ஓட்டியதில் லாக்டேட் உச்ச வளர்ச்சிக் கணக்கைவிடக் குறைவாக வருகிறது, எவ்வளவு நாள் பழக்கினால் சரியாகும் என்று கேட்டார்கள், அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ரிவ்யூவுக்கு அதைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லிடை_அக்கா | சனி, மதியம் 2:40

அதற்குக் கம்ப்யூட்டரிடம் பதில் கிடையாது, குடுவையில்தான் கிடைக்கும். திங்கள்கிழமை தனிச்செய்தி அனுப்பு, எங்கள் பக்கம் ஒரு ஷேக்கரில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு வெட்டு மட்டும்தான், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டவுன்_வாசல் | சனி, மதியம் 2:51

பாஸாகிவிட்டாய், அல்வா எங்கே தாயி?